பனி நேரத்தில் புகை

பள்ளத்தாக்கில் பனிமூட்டம் எந்த நிமிஷம் இறங்கும், எந்த நிமிஷம் விலகும் என்று முந்தின நாளே துல்லியமாகச் சொல்லிவிடும் காலம் அது. பனியைப் படம் எடுப்பவர்கள் அந்த நேரத்துக்கு எதிர்மலையில் வந்து நிற்பார்கள். படம் கெட்டுவிடும் என்று, அப்போது கீழே எந்த வீட்டிலும் அடுப்புப் புகை எழக் கூடாது. எழுந்தால், குடியிருக்க வீடு கொடுத்திருந்த எஸ்டேட்காரர்கள் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்.

அன்றைக்கு ஆறேகாலிலிருந்து ஏழரை வரை என்று அறிவித்திருந்தார்கள். ஆவுடையம்மாளின் கணவர் சுடலைமுத்துவுக்கு இரண்டு நாளாகவே நெஞ்சுச் சளி. விடிந்ததிலிருந்து மூச்சுவிடச் சிரமப்பட்டார்.

“கொஞ்சம் வெந்நி போட்டுத் தாயேன்” என்றார். அவள் விறகை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏளா, வேண்டாம். வீட்ட எடுத்துக்கிட்டாங்கன்னா நீ எங்க போவ? ஏழரைக்குப் பனி போயிரும்லா.”

சொன்னபடியே ஏழரைக்குப் பனி விலகியது. அவள் வெந்நீரோடு வந்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது. டம்ளரை அவர் கைக்குள் வைத்து, தன் கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம், எப்போது எடுப்பது என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள்.

“நாளைக்கு எப்பம் பனி?”

“ஆறரைக்கு, மதினி.”

“அப்பமே சிதைக்குத் தீ வையுங்க” என்றாள் ஆவுடையம்மாள். “எல்லாரும் பாக்கட்டும்.”