பெரிய பட்டன்

“சீனியர், திங்கட்கிழமையிலேர்ந்து ஒரு வாரம் நீங்க குளிர்கிடங்குல பெட்டி அடுக்கணும்.”

ஐ.டி. பிரிவே திரும்பிப் பார்த்தது. சொன்னவர் புதிதாக வந்த ஐ.டி. தலைவி. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சீனியரைவிடப் பத்து வயது சின்னவர்.

“அங்க ஏதாவது ரிப்பேரா மேடம்?”

“இல்ல. பெட்டி அடுக்கத்தான். அப்படியே நீங்க செஞ்ச சாஃப்ட்வேர்ல கணக்கும் ஏத்தணும்.”

அந்த ஐஸ்கிரீம் கம்பெனியின் சரக்குக் கணக்கு சாஃப்ட்வேர், சீனியர் பெற்ற பிள்ளை. திரையைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. ஆனால் கிடங்கு ஆட்கள் அதைத் தொடுவதே சாயந்திரம்தான். அதற்குள் விற்பனைப் பிரிவு, பழைய கணக்கை நம்பி, தீர்ந்துபோன ஐஸ்கிரீமை எல்லாம் விற்றுவிட்டுக் கடைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

‘இதே கதைதான்னா ஐ.டி. வேலையை வெளியாளுக்குக் கொடுத்துடுவேன்’ என்று டைரக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“எவனோ சோம்பேறியா இருந்தா எனக்குத் தண்டனையாம்!” வீட்டில் குமுறினார் சீனியர். “ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்கறேன். அப்புறம் ராஜினாமாதான்.”

“அந்தக் குளிர்ல எங்க கடிக்கிறது? தந்திதான் அடிக்கும்” என்றாள் மனைவி.

திங்கட்கிழமை. கிடங்கு மேற்பார்வை பார்க்கும் அம்மா தடித்த கோட்டும் கையுறையும் கொடுத்தார். நாலு பெட்டி அடுக்கிவிட்டு, சீனியர் பெருமையாகத் தன் திரையைத் தொட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தித் தொட்டார். பக்கத்துப் பட்டன் அமுங்கி, வெனிலா சாக்லேட் ஆகிவிட்டது.

“கையுறையைக் கழட்டணும் சார்” என்றார் அந்த அம்மா. “கழட்டுனா விரல் விறைச்சுடும். அதான் சாயந்திரம் வெளிய வந்து மொத்தமா ஏத்தறோம்.”

“இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“சொன்னோமே! ‘உங்களுக்கு உபயோகிக்கத் தெரியல’ன்னு பதில் வந்துச்சு.”

அந்தப் பதிலை எழுதியது சாட்சாத் சீனியரேதான். சுருக்கென்றது.

ராஜினாமா மறந்தே போனது. அழகை எல்லாம் அவரே அழித்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டன் வைத்தார். கையுறையோடு தொட்டாலும் வேலை செய்கிற திரையாகத் தேடிப் பிடித்து மாட்டினார். வாரம் முடிந்தும் கிடங்கிலேயே கிடந்தார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் டைரக்டருக்கு வாயெல்லாம் பல்.

“பாக்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு. ஆனா, இந்த மாசம் ஒரு கடைக்காரர்கூடச் சண்டைக்கு வரல. இனிமே நம்ம ஐ.டி. ஆளுங்கள யாரும் அசைக்க முடியாது. யாரோட யோசனை இது?”

மேடம் எழுந்தார். “சீனியரோடது சார். முழுக்க முழுக்க.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சீனியருக்குச் சட்டை பட்டன் தெறித்துவிடும் போலிருந்தது. ‘பெட்டி தூக்க வெச்ச மகராசி, பேரையாவது பிடுங்கிக்காம விட்டாளே!’

கோட்டைத் திருப்பிக் கொடுக்கக் கிடங்குக்குப் போனார்.

“அதோ, உங்க மேடம் கோட்டுக்குப் பக்கத்துல மாட்டிடுங்க சார்” என்றார் அந்த அம்மா.

“மேடம் கோட்டா? அவங்க எதுக்கு இங்க வந்தாங்க?”

“வேலைக்குச் சேர்ந்ததும் நேரா இங்கதான் வந்தாங்க. எங்களோட நின்னு பெட்டி அடுக்குனாங்க. கையுறையோட அந்தப் பட்டனை அழுத்திப் பாத்துட்டு, பெருசா இருக்கணும்னு அன்னிக்கே சொன்னாங்களே.”

மாட்டப்போன கோட்டோடு திரும்பினார் சீனியர். “அப்பவே தெரியுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நானும் அதைத்தான் கேட்டேன் சார். ‘நான் சொன்னா தலைகுனிஞ்சு மாத்துவாரு. அவரே கண்டுபிடிச்சா தலைநிமிர்ந்து மாத்துவாரு’ன்னாங்க.”