ஏழாவது மாடியில் பால் காய்ச்சியது

ஆலமரம் ஒவ்வொரு மாடியாக உள்ளே வர வர, கோமதிநாயகமும் அவர் மனைவி உலகம்மையும் ஒவ்வொரு மாடியாக மேலே குடிபோனார்கள். காலி வீடுகளுக்குக் குறைவில்லை. மற்றவர்கள் எப்போதோ ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். எந்த வீட்டிலும் பால் காய்ச்சாமல் உலகம்மை பாயை விரித்ததில்லை. இது ஏழாவது மாடி. இதற்கு மேல் வீடு கிடையாது.

பால் பவுடர் டப்பாவின் அடியைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்தாள்.

“இந்தத் தடவை விட்டுரேன்,” என்றார் அவர், படியேறிய மூச்சு இன்னும் அடங்காமல்.

“நல்லாருக்கே. புது வீடுல்லா?”

பால் பொங்கவில்லை, ஓரத்தில் கொஞ்சம் நுரைத்தது. அவள் அதை டம்ளரில் ஊற்றியதும் அவர் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் படுக்கையறைக்குப் போனாள். ஜன்னல் கம்பியை வளைத்து நுழைந்திருந்த கிளையிலிருந்து ஒரு விழுது இறங்கி, தரை டைல்ஸைப் பிளந்திருந்தது. அவள் அதன் அருகே குனிந்தாள்.

“அது யாருக்கு?”

“வாடகைக்கு வந்தா மொத டம்ளர் வீட்டுக்காரங்களுக்குத்தான?”

அவர் அந்த விழுதைத் தொட்டுப் பார்த்தார்.

“சூட்டோட ஊத்தாத,” என்றார். “ஆறட்டும்.”