உரிமம் பெற்ற கொக்கு

ஒரு கடற்கரையில் எதையும் எளிதில் நம்பாத நண்டு ஒன்று இருந்தது. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் இனம் அது. அதற்கு வீடும் வண்டியும் முதுகில் சுமக்கும் சங்குதான். உடம்பு வளர்ந்து பழைய சங்கு இறுக்கத் தொடங்கவே, ஆன்லைனில் பெரியதாக ஒன்றைப் பதிவு செய்தது.

இப்படி விற்று வீட்டுக்கே கொண்டுவந்து தருபவர்கள் கட்டாயம் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் உண்டு. முன்பு காக்கைகள் தன் தலையில் கட்டிய ஓட்டைச் சங்குகளால் நொந்துபோய், அந்தச் சட்டத்தைக் கேட்டுப் போராடியதே இந்த நண்டுதான்.

சங்கைக் கொண்டுவந்தது ஒரு கொக்கு.

"முதல்ல லைசென்ஸைக் காட்டுங்கண்ணே" என்றது நண்டு, கொடுக்கை மட்டும் வெளியே நீட்டி.

கொக்கு காட்டியது. நண்டு முத்திரையைச் சுரண்டிப் பார்த்தது, அசல். சங்கைத் தட்டிப் பார்த்தது, விரிசல் இல்லை. உள்ளே மோந்தும் பார்த்தது.

"இவ்வளவு சந்தேகமா தம்பி? ஏறி உட்கார்ந்து பாரு. பிடிக்கலேன்னா திருப்பி எடுத்துக்கறேன். சட்டத்துலயே இருக்கு."

இருந்தது. அந்தப் பிரிவைச் சேர்க்கச் சொன்னதும் நண்டுதான். புதுச் சங்கில் ஏற வேண்டுமானால் பழையதைவிட்டு இறங்க வேண்டும். நண்டு இறங்கியது. அதன் மெத்தென்ற வயிறு வெயிலில் பளபளத்தது. கொக்கின் கழுத்து மெல்ல வளைந்தது.

"அண்ணே! உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கே!" என்று அலறியது நண்டு.

"அது விக்கறதுக்கு தம்பி. சாப்பிடறதுக்கும் லைசென்ஸ் வேணும்னு நீ கேக்கவே இல்லையே" என்றது கொக்கு.