இடது முன்சக்கரம்

"எல்லாப் பொட்டலத்தையும் உதறிப் பார்த்தாச்சு. அந்த ஒண்ணு மட்டும் எங்கடா போச்சு, ஸ்பானர்?"

டிரைவர் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, 'ஸ்பானர்' என்று அவர் கூப்பிடும் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக்கின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது.

"எதுண்ணே?"

"முன்பக்கம் இடது சக்கரத்து ஸ்பிளிட் பின். மத்த மூணும் இருக்கு, இது மட்டும் இல்லை."

மேஜைமேல் முழங்கை நீளத்துக்கு நின்றது பந்தயக் கார். ஆயிரத்துச் சொச்சம் துண்டுகளை ஒட்டியும் முடுக்கியும் இருவரும் எட்டு ஞாயிற்றுக்கிழமைகளாகக் கட்டியது. முப்பது வருடத்துக்கு முன்பு அவர் ஓட்டி, இவன் பூட்டிய வண்டியின் அச்சு அசல். அதே சிவப்பு, மூக்கில் அதே ஏழாம் எண். சக்கரத்து நட்டு சுழன்று கழன்றுவிடாமல் குறுக்கே குத்தி மடக்குகிற இரட்டைக் கால் கம்பிதான் ஸ்பிளிட் பின். இந்தப் பொம்மையில் அது ஒரு தலைமுடி கனம்.

அந்தத் தலைமுடி போன வாரத்திலிருந்து காகிதத்தில் மடிந்து மெக்கானிக்கின் பைக்குள் இருந்தது. நாலாவது சக்கரமும் பூட்டி முடிந்தால் பேச்சு அந்தக் கடைசிப் பந்தயத்துக்குத்தான் போகும் என்று அவனுக்குத் தெரியும்.

"கீழே விழுந்திருக்கும்ணே. பெருக்கும்போது போயிருக்கும்."

"கூட்டுறதுக்கு நான் இந்த ரூமுக்குள்ள விளக்குமாத்தையே விடலையே."

டிரைவரின் மனைவி டீயோடு உள்ளே வந்தாள். "ரெண்டு கிழவங்களுக்கும் பொம்மைக் கார். அடுத்த வாரம் கிலுகிலுப்பை வாங்கித் தரட்டுமா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். இருவரும் சிரிக்கவில்லை.

முப்பது வருடமாக ஒரு வார்த்தை பேசாத மனுஷர், திடீரென்று ஆள் விட்டுக் கூப்பிட்டபோதே அவன் மனைவி சொன்னாள்: "எலி எதுக்கு அம்மணமா ஓடுதுன்னு பார்த்துக்கங்க. சும்மா கூப்பிடுவாரா?" கூப்பிட்டு என்ன கட்டச் சொன்னார்? அதே காரை. வேறு காரே கிடைக்காத மாதிரி.

டிரைவர் இடுக்கியால் மூன்றாவது சக்கரத்தைத் தொட்டார். "கோணல் புத்தி இன்னும் போகலையே உனக்கு. ஊர்ல எல்லாரும் பின்னோட ரெண்டு காலையும் விரிச்சு விடுவாங்க. நீ மட்டும் ஒண்ணை மடக்கி, இன்னொண்ணைப் பன்னி வாலாட்டம் சுருட்டி வைப்பே."

"அது என் கையெழுத்துண்ணே."

"எந்தச் சக்கரத்துக்கும் போடாம விட்டதில்லை, இல்லையா?"

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் இடுக்கி அவருடைய இடது காலில் போய்த் தட்டியது. முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக். டொக், டொக்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மெக்கானிக்குக்குக் குறுகுறுப்பு இல்லை, நெஞ்சுக்குள் என்ஜினே ஓடியது.

"எனக்கு லேட்டாயிடுச்சுண்ணே. அடுத்த வாரம் பார்க்கலாம்." எழுந்தான்.

"உட்காருடா." டிரைவர் காரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன வாரம் நீ அதை எடுத்துப் பையில போட்டதை நான் பார்த்தேன்."

டீயில் ஆடை படர்ந்தது. மெக்கானிக் காகிதத்தைப் பிரித்து, அந்தத் துளிக் கம்பியை மேஜைமேல் வைத்தான்.

"தெரிஞ்சுதானே கூப்பிட்டீங்க? நானே சொல்லிடறேன்." அவன் பொம்மைக் காரைப் பார்த்தே பேசினான். "அன்னிக்கு வளைவுல சக்கரம் கழண்டதுக்கு அச்சு முறிஞ்சதுதான் காரணம்னு ரிப்போர்ட்ல எழுதினாங்க. நான் போய்ப் பார்த்தேன். பின் ஓட்டை காலியா இருந்துச்சு. ஒடைஞ்சிருந்தா ஒரு துண்டாவது சிக்கியிருக்கும். அப்படின்னா நான் போடவே இல்லை. போட்ட மாதிரிதான் ஞாபகம், ஆனா அந்த அவசரத்துல... உங்க காலை வாங்கினது நான்தான்ணே."

டிரைவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"அதனாலதான் வண்டித் தொழிலை விட்டியா?"

"அதுக்கப்புறம் ஒரு சக்கரத்தைக்கூட நம்பிப் பூட்ட முடியலை. தையல் மெஷின் ரிப்பேர்தான். அது கெட்டா நூல்தான் அறுந்துபோகும். யாரு காலும் போகாது."

"முப்பது வருஷமாவா?"

"முப்பது வருஷமா."

டிரைவரின் முகம் கோணிக்கொண்டது. திட்டப்போகிறார் என்று மெக்கானிக் தலையைக் குனிந்தான்.

"நீ அதைப் பையில போட்டப்ப, எல்லாத்தையும் கண்டுபிடிச்சு எனக்கே நடிச்சுக் காட்டறியோன்னு நெனச்சேன்டா" என்றார் டிரைவர்.

மெக்கானிக்குக்குப் புரியவில்லை.

டிரைவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய துணிச் சுருளை எடுத்துப் பிரித்து, அந்தத் தலைமுடிக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

விரல் நீளத்தில், துருவேறிய ஒரு நிஜ ஸ்பிளிட் பின். ஒரு கால் மடங்கியிருந்தது. இன்னொன்றில், குறட்டால் நிமிர்த்தியும் நிமிராத ஒரு பன்றி வால் சுருள்.

"நீ போட்டதுதான்டா அது" என்றார் டிரைவர். "அந்த வளைவை நெனச்சு எனக்கு உதறல். கிளம்பின உடனே சக்கரம் கழண்டா வண்டிக் கோளாறுன்னு இறங்கிடலாம்னு, நட்டைத் தளர்த்திட்டு நான்தான் அதை உருவிப் பையில போட்டேன்."