இரட்டைப் பலகைச் சுவர்

"குறட்டை விடுறவன்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. இப்ப அதுக்குச் சுவர் வேற கட்டணுமா?"

டிரைவர் அளவு நாடாவை மேசைமேல் எறிந்த வேகத்தில் அது சரசரவென்று சுருண்டு தன் கூட்டுக்குள் ஒளிந்துகொண்டது.

கார் ஷெட்டில் வண்டியின் அடித்தளம் தயாராகி நின்றது. இரும்புச் சட்டம், இரண்டு சக்கரம், அதன்மேல் தரைப்பலகை. இனி இரண்டு பக்கமும் நீர்த்துளி வடிவத்தில் சுவர் நிறுத்தி, மேலே வளைவாக ஒரு கூரை போட்டுவிட்டால், காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் கிளம்பிவிடலாம். இருட்டினால் ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே இருவரும் படுத்துக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் ஓட்டியே தலை நரைத்து ஓய்வு பெற்றவர் அவர். அவசரம் என்ற ஒன்றே இல்லாமல் மனைவியோடு சாலையில் போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

சண்டை சுவரில்தான் வந்தது.

தடித்த பிளைவுட் பலகை ஒன்றை வெட்டி நிறுத்தினால் போதும் என்பது அவர் கட்சி. மனைவியோ, நடுவில் மரச்சட்டம் வைத்து, இரண்டு பக்கமும் பலகை ஒட்டி, இடைவெளியில் சத்தத்தை அடக்கும் பஞ்சை அடைத்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்படிச் செய்தால் பாரம் கூடும், நம் சின்னக் கார் மேட்டில் மூச்சு வாங்கும், படுக்கையும் குறுகிப் போகும் என்று அவர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டார். அவள் காதில் ஏறவில்லை.

"உள்ள இருக்கிற சத்தம் வெளிய போகக்கூடாது, வெளிச்சத்தம் உள்ள வரக்கூடாது. பக்கத்துல வண்டி போட்டிருக்கிறவங்க தூங்க வேண்டாமா?" என்றாள்.

அவளுடைய தம்பி தச்சு வேலைக்காரன். வண்டிக்கு மரவேலை முழுக்க அவன் பொறுப்பு. காதில் செருகிய பென்சிலோடு சிரித்தான். "அக்கா சொல்றதும் சரிதான் மாமா. நீங்க விடுற குறட்டைக்கு ஒற்றைப் பலகைன்னா ஆணியெல்லாம் தானா கழண்டுடும்."

டிரைவருக்கு உச்சந்தலை வரை சூடேறியது. குறட்டை விட்டதாக அவருக்கு ஒருநாளும் நினைவில்லை. தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று மகள் போனில் சிரித்தாள். முடிவெட்டுகிறவர்கூட, கத்தரியை நிறுத்திவிட்டு, மூக்குக்கு ஏதோ சொட்டுமருந்து இருக்கிறதே என்று விசாரித்தார். உறவினர் வீடுகளில் ராத்தங்கல் என்ற பேச்சே கிடையாது. "இவர் குறட்டையில உங்க யாருக்கும் தூக்கம் வராது" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, மனைவி அவரைக் கையோடு கிளப்பிக் கூட்டி வந்துவிடுவாள். அத்தனையும் பொறுத்தார். ஆனால், தன் கையால் செய்கிற வண்டியின் சுவரிலும் அந்தப் பழியை ஒட்டி வைப்பதா?

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தரைப்பலகையின் நடுவில் வைத்தார்.

"நேத்து ராத்திரி முழுக்க இதைத் தலைமாட்டுல வச்சுப் பதிவு பண்ணியிருக்கேன். நான் படுத்தா விடியறவரைக்கும் கட்டைதான், அது ஆண்டவனுக்குத் தெரியும். இதுல ஒரு குறட்டை கேட்டா உன் பஞ்சுச் சுவர். இல்லேன்னா ஒற்றைப் பலகை. மாப்ள, நீயே தீர்ப்புச் சொல்லு."

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் இத்தனை சுலபத்தில் இறங்கி வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"வேண்டாங்க. உங்க இஷ்டப்படி ஒற்றைப் பலகையே இருக்கட்டும். இதை அணைச்சிடுங்க."

"மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் நழுவுறியா? எல்லார் முன்னாலயும் சொன்னது பொய்யின்னு இன்னிக்கு ஒருத்தர் முன்னாலயாவது தெரியட்டும்."

தச்சன் அக்காவை ஒருமுறை பார்த்தான். மாமாவின் முறைப்பைப் பார்த்ததும் பதிவை ஓடவிட்டான். மின்விசிறி ஓடும் சத்தம். சீரான மூச்சு. எங்கோ ஒரு நாய். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிக் கேட்டான். மூச்சு கொஞ்சம் கனத்திருந்ததே தவிர, குறட்டை என்று சொல்ல எதுவும் இல்லை.

"மாமா ஜெயிச்சுட்டார்க்கா" என்றான், சற்று ஏமாற்றத்தோடு.

டிரைவர் மனைவியின் பக்கம் திரும்பினார். வெற்றியைவிட வலிதான் அவர் குரலில் அதிகம் இருந்தது.

"உனக்கு நான் என்ன குறை வச்சேன்? இத்தனை வருஷமா என்னை ஏன் இப்படிக் கேலிப்பொருளா ஆக்கினே?"

அவள் குனிந்து போனை எடுக்கக் கை நீட்டினாள். அவர் அந்தக் கையைத் தடுத்தார். பதில் வராமல் விடுவதாக அவருக்கு உத்தேசம் இல்லை.

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அதில், தூரத்தில் ஏதோ ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துப் போனது. உடனே கட்டில் கிரீச்சிட, யாரோ வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்காரும் ஓசை. அதையடுத்து ஓர் ஆணின் கதறல்.

"வழி விடுங்க... ஐயா, கொஞ்சம் வழி விடுங்களேன்... குழந்தைக்கு மூச்சு நிக்குது..."

தச்சன் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். அது யாருடைய குரல் என்று டிரைவருக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது.

பிறகு அவளுடைய குரல் கேட்டது, எத்தனையோ இரவுகள் சொல்லிப் பழகிய நிதானத்தோடு. "எல்லாரும் வழி விட்டுட்டாங்க. ஆஸ்பத்திரி வந்தாச்சு, குழந்தைய இறக்கியாச்சு, அது நல்லா இருக்கு. நீங்க தூங்குங்க."