வினோதாவின் அலறல்

வீடியோ கேமில் உயிருக்குக் கெஞ்சும் ஒரு பெண்ணுக்கு அலறல் கொடுக்க, டப்பிங் பேசும் வினோதாவைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் டேக்கே ஓகே ஆனது. "எப்படிக்கா இவ்வளவு நிஜமா கத்துறீங்க?" என்றான் சவுண்ட் இன்ஜினியர். தோளில் கன்றியிருந்த இடத்தை அவள் முந்தானையால் மூடிக்கொண்டாள். கேம் வெளிவந்ததும் அவள் புருஷன் அதிலேயே பழியாகக் கிடந்தான். எதிரே வந்தவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளியவன், அந்தப் பெண் கும்பிட்டு அலறியதும் நிறுத்திவிட்டான். கண்கூடக் கலங்கியது. "ச்சே, பாவம்டி இவ. சுடவே மனசு வரல." அது தன் குரல் என்று வினோதா சொல்லவில்லை. காபியை நீட்டினாள். ஒரு வாய் குடித்தவன் முகம் சுளித்தான். "சர்க்கரை எங்கடி?" கன்ட்ரோலரை அலுங்காமல் ஓரமாக வைத்துவிட்டு எழுந்தான்.