முப்பத்தொரு பக்கம்

எங்கள் கேம் கம்பெனியின் உதவி மையத்தில், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் வாடிக்கையாளரின் கணினி அறிக்கை வராவிட்டால், கேம் திறக்கவில்லை என்ற புகாரை மூடிவிடுவோம். புனே பக்கம் கட்கியிலிருந்து புகார் கொடுத்த கோவிந்தராஜனுக்கு எழுபதாவது மணி ஓடிக்கொண்டிருந்தது.

“அனுப்பிட்டேம்மா, பாத்தியா?” என்றார் போனில்.

பார்த்தேன். திரையில் வந்ததையெல்லாம் முப்பத்தொரு பக்கம் கையால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்.

“இது செல்லாது சார். கீழ ‘சேவ்’னு இருக்கும். அதை அழுத்தினா வர்ற ஃபைல்தான் வேணும்.”

“எங்க ஃபாக்டரியில ரிப்போர்ட்னா கையாலதாம்மா எழுதுவோம். நாளைக்கு என் பொண்ணு மீனுவுக்கு ஆபரேஷன். கேம்ல அவ கட்டின வீட்டை ஒரு தடவை பாத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேங்கறா.”

ஒரு மணி நேரத்தில் சரியான ஃபைல் வந்தது. மறுபடியும் அழைத்தார்.

“இந்த ஊர்ல தமிழ் பேசற பொண்ணா கிடைச்சியே, புண்ணியம்மா. இப்ப திறந்துடும்ல?”

“பாக்கறோம் சார்” என்று வைத்தேன்.

பக்கத்து இருக்கையில் புதிதாகச் சேர்ந்த அமலா கேட்டாள்: “இந்த ரிப்போர்ட்டை யாருக்குக்கா அனுப்பணும்?”

“யாருக்கும் இல்ல. ரிப்போர்ட் கேட்டா பாதிப் பேர் அலுத்துப்போய் விட்டுடுவாங்க, அதுக்குத்தான் கேக்கறோம். அந்த வீடெல்லாம் சர்வரோட போன மாசமே அழிச்சாச்சு.”